கடைசி நான்கு நாட்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "வெளிநாட்டு அனுபவம்னு ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். எனக்கு வெளிநாட்டு அனுபவம் என்றால் பம்ப்தான். நெதர்லாந்தில், நம் ஊரில் ஹாலந்து என்போமே, அங்கே நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த நாடு நாடாக இருக்கும். அந்த வேலையில் ஒரு மூலையில் நானும் இருக்கிறேன். இதை விவரித்தால் மெக்கானிக்கல்காரர்கள் நாலு பேர் முழித்திருப்பீர்கள். மற்றவர்கள் சாப்பாட்டு மணி எப்போது என்று பார்ப்பீர்கள். ஆகையால் நான் வெளிநாட்டில் பெற்ற அனுபவத்தை விட்டுவிட்டு, ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் ஊரில் பெற்ற அனுபவத்தைச் சொல்கிறேன். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். ஹாஸ்டலில் என்னைக் 'கழுகு' என்று கூப்பிட்ட மகானுபாவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் நடுவில் இருக்கிற ஊர். மலைமேல் வேதகிரீஸ்வரர், கீழே பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி அம்மன். நடுவில் சங்கு தீர்த்தம். அந்தக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

நான் சொல்லவந்த நண்பர் என்னோடு ஒரே அலுவலகத்தில் இருப்பவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "எங்கள் வீட்டுக்குக் காபி சாப்பிட வா" என்றார். எப்போது? மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. டைரியில் எழுதிக்கொண்டார். போனேன். காபி கொடுத்தார்கள். தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கச் சொல்லி, டப்பாவை மூடிவிட்டார்கள். ஐந்தரை மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஒரே ஒரு பிஸ்கட்டா?"

கஞ்சத்தனம் என்று நானும்தான் நினைத்தேன். பிறகு ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம், தினமும் காலையில் இந்த மனிதர் தன் வழியை விட்டு அரை மணி நேரம் சுற்றி வந்து என்னை வேலைக்குக் கூட்டிப்போனார். அதற்கு அழைப்பும் இல்லை, டைரியும் இல்லை. அன்றிலிருந்து பிஸ்கட் கணக்கை நான் விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை.

2023 கடைசியில் அவரும் அவர் மனைவியும் மூன்று வார விடுமுறையில் இந்தியா கிளம்பினார்கள். கொச்சி, ஆலப்புழை, மூணாறு, மதுரை, தஞ்சாவூர், புதுச்சேரி. ஜனவரி 18 அதிகாலை சென்னையிலிருந்து விமானம். கடைசி நான்கு நாள் மட்டும் காலி. நானும் அப்போது மூன்று வார லீவில் ஊரில் இருந்தேன். "எங்கே தங்கலாம்?" என்று கேட்டார். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி, நீச்சல்குளம் வைத்த ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டுக் கொடுத்தேன். ஏன் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கம். எங்கள் வீடு ஓட்டு வீடு. பாத்ரூம் கொல்லைப்புறம். மார்கழியில் காலை நாலரைக்கே ஒலிபெருக்கி. அவர் எழுதினார்: "உன் வீடும் அந்தப் பக்கம்தானே?" அம்மாவிடம் சொன்னேன். "ஊருக்குள்ள வீட்ட வெச்சிக்கிட்டு விருந்தாளிய ஓட்டல்ல படுக்க வெப்பியா? அந்தத் தம்பிதானே உனக்குக் கை ஒடிஞ்சப்ப பார்த்துக்கிட்டது?" என்றாள். ரூமைக் கேன்சல் செய்தேன். ஒரு நாள் வாடகை போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா 2021-இல் தவறிவிட்டார். அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அக்கா தாம்பரத்தில். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டில் வைப்பது என்று அக்காவும் நானும் பேசி முடித்திருந்தோம். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, பேங்க், பல் டாக்டர், மூன்று கல்யாணம் என்று அந்த லீவுக்கு நான் போட்ட பட்டியலில் கடைசி வரி, 17-ஆம் தேதி புரோக்கர் வீட்டைப் பார்க்க வருவது. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

13-ஆம் தேதி அவர்கள் புதுச்சேரியிலிருந்து காரில் வந்தார்கள். வழியில் மாமல்லபுரத்தில் நான் சேர்ந்துகொண்டேன். கடற்கரைக் கோயில் டிக்கெட் எனக்கு 40 ரூபாய், அவர்களுக்கு ஆளுக்கு 600 ரூபாய். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. "கல் ஒன்றுதானே, உனக்கு மட்டும் சிறியதாகத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ராத்திரி பதினொரு மணிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது: வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் சி பதிய வேண்டும் என்பது அப்போதைய விதி. ஓட்டல்காரர்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடுகளுக்கும் அது உண்டு. திண்ணையில் உட்கார்ந்து, சிக்னல் வரும் பக்கமெல்லாம் போனைத் திருப்பித் திருப்பி, பாஸ்போர்ட் விவரங்களை ஏற்றி முடித்தேன். இங்கே இருப்பவர்களில் யாராவது சகாக்களை அழைப்பதாக இருந்தால் இதை முன்னாலேயே செய்துவிடுங்கள்.

மறுநாள் போகி. பழைய பாயும் முறமும் எரிகிற புகையில் மலை தெரியவில்லை. எட்டு மணிக்குப் புகை கலைந்ததும் நானும் அவரும் ஏறினோம். ஐந்நூறுக்கு மேல் படிகள். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு மூன்று இடத்தில் காட்சி காட்டுகிற சாக்கில் நிற்க வேண்டியிருந்தது. சன்னிதிக்கு வெளியிலேயே அவர் நின்றுகொண்டார். பிறகு அந்தக் கழுகுப் பாறையைப் பார்க்கவேண்டும் என்றார். எங்கோ பழைய பயணப் புத்தகத்தில் படித்திருக்கிறார்.

நண்பர்களே, நான் சின்ன வயதில் பார்த்த காட்சி அது. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் பண்டாரம் பாறைமேல் பாத்திரத்தோடு வந்து உட்காருவார். நெய் விட்ட சர்க்கரைப் பொங்கல். கூட்டம் பேச்சு மூச்சில்லாமல் இருக்கும். வானத்தில் எங்கேயோ ஒரு புள்ளி, பிறகு இரண்டு. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் கோழி நடை. வந்து கையெட்டும் தூரத்தில் தின்றுவிட்டு எழும்பிப் போகும். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரம் போகின்றன என்பார் பாட்டி. பறவை நூல்காரர்கள் பாப்பாத்திக் கழுகு என்கிறார்கள், பாறு இனத்தில் ஒன்று. பட்சி தீர்த்தம் என்று ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1998-க்குப் பிறகு அவை வரவில்லை.

"ஏன்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பாதிக்கு மேல் பாவம் பெருகிவிட்ட கணக்கு. தொண்ணூறுகளில் இந்தியா முழுவதுமே பாறுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்கிற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். 2006-இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். எங்கள் இரண்டு பறவைகளுக்கும் அதுதான் நேர்ந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அவர் அடுத்து, "நீ கடைசியாக எப்போது பார்த்தாய்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது பாட்டியோடு போயிருப்பேன். அன்று வெயில் தாங்காமல், "போலாம் பாட்டி" என்று நச்சரித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இறங்குகிற வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் காலக் குடைவரை. அதன் கல்லில் கிறுக்கியிருப்பதைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாம் டச்சுப் பெயர்கள்! பதினேழாம் நூற்றாண்டு. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர்களுக்குக் கோட்டை இருந்தது. அங்கிருந்த உத்தியோகஸ்தர்கள் நம் ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருவார்கள். வந்ததற்கு அடையாளமாகப் பெயரை வெட்டிவிட்டுப் போவார்கள். என் நண்பர் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்துவிட்டு, "என் ஊர்க்காரர்கள் செய்த அசிங்கத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். பக்கத்திலேயே அம்பு விட்ட இதயத்தோடு நம் ஊர்ப் பெயர்களும் இருந்தன. பரவாயில்லை சார், கணக்கு நேராகிவிட்டது என்றேன்.

பொங்கல் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும். பால் பொங்கியபோது அந்த அம்மாள்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

மாட்டுப் பொங்கலன்று சதுரங்கப்பட்டினம் போனோம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு அடுத்தாற்போல், கடலை ஒட்டிய செங்கல் கோட்டை. மெல்லிய துணி ஏற்றுமதிக்குப் பேர்போன இடம். 1824 ஒப்பந்தத்தில் கடைசியாக ஆங்கிலேயரிடம் போயிற்று. உள்ளே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். சிற்பவேலை செய்த பலகைக் கற்கள், முழுக்க டச்சு எழுத்து. பள்ளிக்கூட நாளில் எத்தனையோ தரம் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மண்டி போட்டு உட்கார்ந்தார். பழைய டச்சு அவருக்கும் சுலபமில்லை. நாம் பழைய கல்வெட்டை எழுத்துக் கூட்டுவதுபோல் கூட்டிக் கூட்டிப் படித்தார். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், வயது. இளவயதுச் சாவுகளும் இருந்தன. அவர் மனைவி ஒரு கல்லை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார். ஊருக்குத் திரும்பாமல் போனவர்கள்.

பிறகு மீனவர் குப்பத்துக் கரையில் நடந்தோம். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். பேச்சு 2004 டிசம்பர் 26-இல் வந்து நின்றது. நம் செட்டுக்கு அது முதல் வருஷம், ஞாபகம் இருக்கும். பெரியவர் அலை எங்கே வந்தது என்று கையால் காட்டினார், நான் மொழிபெயர்த்தேன். என் நண்பர் 1953-ஐச் சொன்னார். பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் வடகடல் கரையை உடைத்துக்கொண்டு வந்து அவர்கள் நாட்டில் 1,836 பேர் போனார்கள். அவருடைய பாட்டி ஓட்டுக் கூரைமேல் ஒரு இரவு உட்கார்ந்திருந்தாராம். பெரியவர், "அங்கேயுமா!" என்றார். ஓடிக்கொண்டிருந்த வலைக் கை நின்றது. சுனாமியன்று கல்பாக்கத்தில் கடல் தண்ணீர் பம்ப் ஹவுஸில் புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தியதும் எங்கள் தொழிலில் எல்லோரும் படித்த பாடம். நாங்கள் இரண்டு பம்ப்காரர்களும் அதைப் பற்றி அரை மணி பேசினோம். பெரியவருக்கு அதில் ஆர்வமில்லை. பாட்டி கூரையிலிருந்து எப்படி இறங்கினார் என்றுதான் கேட்டார். படகில் வந்து இறக்கினார்களாம்.

17-ஆம் தேதி காணும் பொங்கல், கடைசி நாள். என் திட்டம் தயார்: விடியற்காலை வேடந்தாங்கல், சீசன் நேரம். மதியம் தி.நகரில் பட்டுப் புடவை. ராத்திரி ஏர்போர்ட். ஏழு மணிக்குக் காரை வரச்சொல்லியிருந்தேன். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கோபித்துக்கொள்ளாதே, இன்று நாங்கள் எங்கும் வரவில்லை. இங்கேயே இருக்கிறோம்" என்றார்கள். எனக்குக் கோபம்தான். மூன்று வாரம் விமானம் ஏறி வந்து கடைசி நாளைத் திண்ணையில் கழிப்பதா? காருக்குக் கொடுத்த அட்வான்ஸ் வேறு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வந்த புதிதில் யாருக்கும் உட்காரப் பொறுமை இருக்காது. பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்தவனுக்குத்தான் சும்மா உட்காரத் தெரியும். அதனால் விருந்தாளியை முதல் நாளில் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், கடைசியில் கூப்பிடுங்கள் என்பது என் கட்சி. எங்கள் ஊர் ஏர்போர்ட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம், அதற்கும் தோது.

அம்மா ஒரு முறம் மொச்சையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மூன்று பேரும் உரித்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன், தேவைப்படவில்லை. அந்த அம்மாளின் தாயார் அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்பது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "பாவம், அவங்களுக்கும் மொச்ச உரிக்கப் பிடிக்குமான்னு கேளு" என்றாள். கேட்டேன். முன்பெல்லாம் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார் என்றார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பதினொரு மணிக்குப் புரோக்கர் வந்தார். திண்ணையில் வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் வீட்டு விலை ஏறிவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். நான் எழுந்தேன். அம்மா முறத்தைவிட்டு அசையாமல், "விருந்தாளிங்க இருக்காங்கப்பா. அப்புறமா வா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

அப்புறம் என்னிடம், குரலை ஏற்றாமல் சொன்னாள்: "இவங்க வந்து நாலு நாளாச்சு. நீ வந்து பத்தொம்போது நாளாச்சு. இந்தத் திண்ணையில நீ எத்தினி மணி நேரம் உட்கார்ந்தேன்னு கணக்கு போடு. இஞ்சினீயர்தானே!"

போட்டேன். ஃபார்ம் சி பதிந்த நேரத்தையும் சேர்த்து, இரண்டே முக்கால் மணி. அதற்கு முந்தைய லீவுகளை யோசித்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி நான்கு நாட்கள் பெட்டி எடை போடுவதிலும், மறந்துபோன கையெழுத்துகளைத் தேடி ஓடுவதிலும் போயிருக்கின்றன. அப்பாவோடு கடைசியாக அந்தத் திண்ணையில் எப்போது உட்கார்ந்தேன்? அதுவும் மலைமேல் கேட்ட கேள்வி மாதிரிதான், பதில் இல்லை.

ராத்திரி கிளம்பும்போது அம்மா அதிரசம், முறுக்கு, ஒரு படி மொச்சை எல்லாம் கட்டினாள். ஐரோப்பாவுக்குள் காய்கறி கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும் என்று மொச்சையை வெளியே எடுத்தேன். தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே கொல்லையிலிருந்து இரண்டு தேங்காய் வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தது. அவர் பதிலுக்கு ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். அம்மா திறந்து பார்த்தாள். நிறைய பிஸ்கட். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவருக்கு இன்றுவரை அந்த விஷயம் தெரியாது.

2024 மார்ச்சில் அம்மா போன் செய்தாள். 2011-க்கு அப்புறம் சங்கு தீர்த்தத்தில் சங்கு பிறந்துவிட்டது, குளக்கரையில் நிற்க இடமில்லை. "ரெண்டு மாசம் தாண்டி வந்திருந்தா அவங்க பார்த்திருப்பாங்க. அடுத்த தபா கூட்டிக்கிட்டு வந்துடு" என்றாள். அடுத்த தடவை என்றால் கணக்குப்படி 2036. அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. நான் சரி என்றேன்.

வீடு இன்னும் விற்கவில்லை. விற்க மாட்டோம் என்றும் முடிவாகவில்லை. அக்காவுக்கு இதில் என்மேல் வருத்தம், அதில் நியாயமும் உண்டு. அம்மா தனியாக இருப்பது இருப்பதுதான். புரோக்கர் மாதம் ஒருமுறை விசாரிக்கிறார்.

இந்த முறை லீவில் பேங்க், பல் டாக்டர், கல்யாணம் எல்லாவற்றையும் முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அதிகாலை விமானம். நாளை திங்களிலிருந்து நான்கு நாளுக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆகையால் செட் நண்பர்கள் இன்று ராத்திரி ஏற்பாடு செய்திருக்கிற விருந்துக்கும், நாளை மாமல்லபுரம் பயணத்துக்கும் நான் வரவில்லை. 'கழுகு பறந்துபோச்சு' என்று சொல்லப் போகிறீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் எட்டு மணிக்குள் வீடு போய்விடலாம். மொச்சை இறங்கிவிட்டதாம், காலையிலேயே போனில் சொன்னாள்.